கடற்கரைத் தூண்டிலில் உயிர்ப்புழு கோர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரையில் நின்று கடலில் தூண்டில் போடுபவர்கள், மீன் சிக்காத நாளில் காற்றையும் நீரோட்டத்தையும் குறை சொல்வதுண்டு. முள்ளில் கோர்த்த புழு எந்த நிலையில் நீருக்குள் இறங்கியது என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. கடற்புழுவுக்கு எலும்பு கிடையாது. உடற்சுவருக்கும் குடலுக்கும் நடுவிலுள்ள குழியில் நிறைந்திருக்கும் நீர்மத்தின் அழுத்தமே அதற்கு உருவத்தையும் அசைவையும் தருகிறது. மீனைத் தொலைவிலிருந்து இழுத்து வரும் வாசனையும் பெருமளவு அந்த நீர்மத்திலும் குருதியிலுமே இருக்கிறது. புழு கோர்ப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, அந்தச் சாற்றை மீன் வருவதற்கு முன்பே வீணாக்கிவிடும் தவறுகள்தான்.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, புழுவின் உடலைப் பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் குத்தி, மடித்து மடித்து முள்ளில் ஏற்றுவது. ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் சாறு வெளியேறும் வழி. இப்படிக் கோர்த்த புழு நீரில் விழும் முன்பே தளர்ந்து வெறும் தோலாகிவிடும். மாறாக, முள்ளின் முனையைப் புழுவின் வாய்க்குள் நுழைத்து, உடலின் நடுவழியே மெல்ல ஏற்ற வேண்டும். முள்ளைத் தள்ளக் கூடாது. முள்ளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் விரல்களால் புழுவை அதன்மேல் சிறிது சிறிதாக நகர்த்தினால், உடற்சுவர் கிழியாமல் புழு நேராக ஏறிவிடும். முனை வெளியே வர வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

அந்த இடம் எது என்பது புழுவின் வகையைப் பொறுத்தது. மணலில் வளை அமைத்து, மேலே சுருள் சுருளாக மணற்கழிவைத் தள்ளும் அரனிக்கோலா வகைப் புழுவுக்கு முன்பகுதி தடித்தும், வால்பகுதி மெலிந்து மணல் நிறைந்தும் இருக்கும். சாறும் சதையும் முன்பகுதியில் இருப்பதால், தலையிலிருந்து ஏற்றி, மெலிந்த வால் தொடங்கும் இடத்தில் முனையை வெளியே எடுப்பது நல்லது. நீரிஸ் வகைப் புழு நீளவாக்கில் ஏறக்குறைய ஒரே பருமன் உடையது. பக்கங்களில் வரிசையாகத் துடுப்பு போன்ற உறுப்புகள் உண்டு. இதன் அசைவுதான் இதன் பலம். தலைப்பகுதியை முள்ளின் நேரான பகுதியான தண்டில் ஏற்றி, வால்பகுதியைத் தொங்கவிட வேண்டும். ஆனால் அந்த வாலை மிக நீளமாக விடுவதும் தவறே. சிறுவாய் மீன்கள் தொங்கும் நுனியை மட்டும் கடித்து இழுத்துப் போய்விடும். கரையில் இருப்பவருக்குக் கொத்து தெரியும், முள் மட்டும் வெறுமையாக வரும். குறிவைப்பது சிறுவாய் மீன் என்றால் இரண்டு விரற்கடைக்கு மேல் தொங்கவிடத் தேவையில்லை.

அடுத்தது முனையை மறைக்கும் பழக்கம். முள் தெரிந்தால் மீன் பயந்துவிடும் என்ற எண்ணத்தில், முனையையும், அதையடுத்துப் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரான எதிர்முள்ளையும் புழுவின் சதைக்குள் புதைத்துவிடுகிறார்கள். அலை புரண்டு மணல் கலங்கும் கரையோரத்தில் புழுவைத் தேடும் மீன்கள் பெரும்பாலும் வாசனையையும் தொடுவுணர்வையும் நம்பியே இரை தேடுகின்றன. ஒரு நூல் அளவு உலோகம் அவற்றை விரட்டுவதில்லை என்பதே என் கருத்து. ஆனால் சதைக்குள் புதைந்த முனையால் மீனின் வாயில் ஏற முடியாது. இழுக்கும் விசையில் புழு சரிந்து முள்ளின் வளைவில் குவிந்துகொண்டால், கூர்மை அடியோடு மறைந்து, கடித்த மீன் நழுவிப் போகும். ஆகவே எதிர்முள் வரை முனை வெளியே தெரியும்படி விடுவதே சரி. பெரிய மீனுக்காகப் பல புழுக்களைச் சேர்த்துக் கோர்ப்பவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். ஒரே தூண்டில் நரம்பில் (நூலில்) மேலும் கீழுமாக இரண்டு முட்களைக் கட்டி, மேல்முள்ளால் இரையின் தலைப்பக்கத்தைத் தாங்கச் செய்யும் பென்னல் முறை இதற்காகவே பயன்படுகிறது. இரை சரியாமல் நீளமாக நிற்கும், இரண்டு முனைகளும் திறந்திருக்கும்.

முள்ளின் தேர்வும் இதோடு சேர்ந்ததே. எண்ணிட்ட முட்களில் 1-க்கு மேல் எண் கூடக்கூட முள் சிறியது. 1/0, 2/0 என்று போகும் வரிசையில் எண் கூடக்கூட முள் பெரியது. இந்த முறை தெரியாமல் 6-ஐ எடுக்க வேண்டியவர் 6/0-ஐ எடுத்துவிட்டால், புழு கிழிவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. புழுவுக்கு நீண்ட தண்டும் மெல்லிய கம்பியும் கொண்ட முள்ளே ஏற்றது. தடித்த கம்பி புழுவின் உடலை உள்ளிருந்தே பிளந்துவிடும். மெல்லிய முள் பெரிய மீனின் இழுப்பில் நிமிர்ந்துவிடக்கூடும் என்பது உண்மைதான்; அதற்குத் தகுந்தாற்போல் இழுக்க வேண்டுமே தவிர, புழுவைப் பலியிட்டுத் தடித்த முள்ளுக்குப் போவது தீர்வாகாது.

நன்றாகக் கோர்த்த புழுவை வீச்சில் இழப்பவர்களும் உண்டு. தூண்டிற்கோலை வெட்டுவது போல் சட்டென்று வீசினால், நூலை எடையிட்டு இழுக்கும் ஈயக்குண்டு ஒரு பக்கமும் புழு மறுபக்கமும் பறக்கும். விசையைப் படிப்படியாகக் கூட்டி வீச வேண்டும். தொலைவு தேவைப்படும்போது, இரைகளுக்கென்றே விற்கப்படும், இழுத்தால் நீளும் மெல்லிய மீள்நூலால் புழுவின் தலைப்பகுதியைத் தண்டோடு சில சுற்றுகள் சுற்றலாம். இறுக்கிச் சுற்றினால் மறுபடியும் சாறு பிதுங்கிவிடும். ஆகவே தளர்வாகச் சுற்றுங்கள்.

எறிந்த இரையை மறந்துவிடுவது மற்றொரு தவறு. புழுவின் வாசனை நீரில் வேகமாகக் கரைந்து போகும். பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றி எடுத்துப் பார்ப்பது முறை; நண்டுகள் மிகுந்த கரையானால் இன்னும் விரைவாகப் பார்க்க வேண்டும். வெளுத்துத் தொய்ந்த புழுவின் மேலேயே புதியதை ஏற்றுவது சிக்கனம் போலத் தோன்றினாலும், பழையது முள்ளின் இடத்தை அடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

கோர்ப்பதற்கு முன்பே புழுவைக் கெடுத்துவிடும் வழிகளும் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதற்குப் பழகிய புழுவின் மேல் குழாய்நீரோ மழைநீரோ பட்டால், நன்னீர் உடலுக்குள் புகுந்து, புழு உப்பித் தளர்ந்து சாகும். இதன் மறுபக்கமாக, மண்புழுவைக் கடலில் போட்டால் உப்புநீர் அதன் உடல்நீரை வெளியே இழுத்துவிடுவதால் அது விரைவில் துடிப்பு அடங்கிப் போகும். வேறு வழியில்லாதபோது மண்புழு உதவலாம், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். புழுக்களை ஒரு டப்பா நிறைய நீரில் போட்டு மூடிவைத்தால் உயிர்வளி தீர்ந்து மூச்சடைத்துச் சாகும். கடல்நீரில் நனைத்துப் பிழிந்த தாளிலோ துணியிலோ பரப்பி, நிழலில் குளிர்ச்சியாக வைப்பதே நல்லது. வெட்டுப்பட்ட புழுவையும் செத்த புழுவையும் உடனே எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் மற்றவையும் தொடரும். நீரிஸையும் அரனிக்கோலாவையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது, ஏனெனில் நீரிஸ் கடிக்கக்கூடியது.

அதன் கடி மனிதருக்கும் உண்டு. தொண்டைப்பகுதியை வெளியே தள்ளும்போது இரண்டு தாடைகள் நீளும். சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். அதன் தலைக்குப் பின்னால் மெல்ல அழுத்தி, வாய் திறக்கும் கணத்தில் முள்முனையை நுழைப்பது பலர் கையாளும் வழி. கிளைசரா என்னும் குருதிநிறப் புழுவிடம் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: அதன் நான்கு கொக்கித் தாடைகளில் செம்புச் சேர்மம் கலந்திருக்கிறது, நஞ்சும் உண்டு. கையில் திறந்த புண் இருப்பவர்கள் கையுறை அணிய வேண்டும். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகை நுண்ணுயிர்கள் புண் வழியாகப் புகுந்து கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியவை. முள் குத்திய இடம் சிவந்து வீங்கினால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. வெயில் களிம்பு, எரிபொருள், புகையிலை இவற்றின் மணம் படிந்த கையால் புழுவைத் தொடுவதும் தவிர்க்க வேண்டியதே. கடல்நீரும் மணலும் கொண்டு தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும்.

புழு தோண்டிய குழியை அப்படியே விட்டுவிட்டு வந்தால், வாரிப்போட்ட மணலின் அடியில் சிப்பிகளும் மற்ற உயிர்களும் மூடுண்டு கிடக்கும், நடப்பவர்களின் காலும் இடறும். மண்ணைத் திரும்பத் தள்ளிவிட வேண்டும். வேறு கடலிலிருந்து வாங்கி வந்த புழுவில் மிச்சமானதையோ, அதைச் சுற்றி வந்த கடற்பாசியையோ கரையில் கொட்டுவது இதைவிடப் பெரிய கேடு. பாசிக்குள் ஒளிந்து வரும் சிறு நத்தைகளும் நண்டுக் குஞ்சுகளும் புதிய கடலில் வேர்விட்ட நிகழ்வுகள் உண்டு. அத்தகைய மிச்சத்தையும் பொதிவுப் பாசியையும் கட்டி எடுத்துச் சென்று, குப்பையோடு சேர்த்துவிட வேண்டும்.