தோல் ஒட்டின சுண்டெலிக்கு மருந்து குடுக்கும்போது டி செல்லை எப்படி எண்ணுறது

பால்ப்-சிங்கற ஒரு இன சுண்டெலியோட தோலை பிளாக் 6ங்கற வேற இன சுண்டெலி முதுகுல ஒட்டிட்டு, எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்தே குடுக்கலைன்னா, பொதுவா ரெண்டு வாரத்துக்குள்ள ஒட்டு கறுத்து காஞ்சு பொருக்கா ஆயிடும். மருந்து குடுத்தா இன்னும் கொஞ்ச நாள் தாங்கலாம், ஆனா உள்ள எந்த டி செல் (ஒட்டை எதிர்க்கிறதுல முக்கியமான வெள்ளையணு) என்ன ஆச்சுன்னு தெரியணும்னா ரத்தத்தை ஃப்ளோ சைட்டோமெட்ரில (செல்லை ஒவ்வொண்ணா லேசர் முன்னாடி விட்டு எண்ணுற முறை) ஓட்டிப் பாக்கணும்.

முதல் ரத்தத்தை ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, அத விட்டுட்டா அப்புறம் எத வச்சு ஒப்பிடுறது? 25 கிராம் சுண்டெலிக்கு மொத்த ரத்தமே 2 மில்லி கிட்டதான், அதனால வால்லேர்ந்து ஒரு தடவைக்கு 50 மைக்ரோலிட்டர் போதும், விலங்கு ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்குற கமிட்டில எழுதிக் குடுத்த அளவுக்கு மேல ஒரு சொட்டு கூட எடுக்காதீங்க, பாவம் வாயில்லா ஜீவன். ரத்தம் உறையாம தடுக்குற இடிடிஏ போட்ட டியூப்ல பிடிங்க. எந்த நாள் எடுத்தாலும் ஒரே நேரத்துல எடுக்கணும், ஏன்னா லிம்போசைட் (டி செல்லும் சேர்ந்த வெள்ளையணு வகை) எண்ணிக்கை பகலுக்கும் ராத்திரிக்கும் மாறும், ஒரு கூண்டு காலைல இன்னொரு கூண்டு சாயங்காலம்னு எடுத்தா மாறினது மருந்தாலயா நேரத்தாலயான்னு பிரிக்கவே முடியாது.

அமோனியம் குளோரைடு கரைசல்ல சிவப்பணுவை உடைச்சு, கழுவி, எஃப்சி பிளாக் (ஆன்டிபாடி தப்பான இடத்துல ஒட்டாம தடுக்குறது) போட்டு, அப்புறம் சிடி45 (வெள்ளையணுவோட அடையாளம்), சிடி3 (டி செல்லோடது), சிடி4, சிடி8 (டி செல்லோட ரெண்டு வகை) ஆன்டிபாடி. ட்ரெக் செல்லும் (எதிர்ப்பை அடக்குற டி செல்) வேணும்னா அதோட அடையாளப் புரதமான ஃபாக்ஸ்பி3க்கு ஆன்டிபாடி சேருங்க, அது நியூக்ளியஸ்ல இருக்கறதால ஃபிக்ஸ் பண்ணி சவ்வுல ஓட்டை போட்டாத்தான் ஆன்டிபாடி உள்ள போகும். சிடி25ங்கற அடையாளத்தை மட்டும் பாத்துட்டு ட்ரெக்னு எழுதிடாதீங்க, ஒட்டைத் தாக்கக் கிளம்பின செல்லும் அதைக் காட்டும்.

நான் ரொம்ப அழுத்திச் சொல்றது சதவீதத்தைப் பத்திதான். உதாரணத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர்ல 5000 லிம்போசைட், அதுல சிடி4 50 சதவீதம்னா 2500. டெக்ஸாமெதசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்து குடுத்தப்புறம் லிம்போசைட் 1000, சிடி4 60 சதவீதம்னா வெறும் 600. சதவீதம் ஏறியிருக்கு, செல்லு போயிடுச்சு! அதனால கவுண்டிங் பீட்ஸ் (எண்ணிக்கை தெரிஞ்ச குட்டி மணிங்க) போட்டு உண்மையான எண்ணிக்கையை எடுங்க.

சைக்ளோஸ்போரின்ங்கற மருந்துல இதுக்கு நேர்மாறு, எண்ணிக்கை பெருசா இறங்காமலே இருக்கலாம், அதுக்காக மருந்து வேலை செய்யலைன்னு டோஸை ஏத்திடாதீங்க, அது கால்சிநியூரின்ங்கற என்சைமைத் தடுத்து, டி செல் பெருகத் தேவையான இன்டர்லூகின்-2 உண்டாகாம பண்ணுது, செல்லைக் கொல்றது அதோட வழி இல்ல. ட்ரெக்குக்கும் அதே இன்டர்லூகின்-2 தேவைங்கறதால அதுவும் அடிவாங்கும், ராபமைசின்ங்கற மருந்து அந்த விஷயத்துல நல்லது, ட்ரெக்கை அவ்வளவா தொடாது. டி செல்லையே அழிக்கிற ஆன்டிபாடி குடுத்திருந்தா மெமரி செல்லை (முன்னாடி சந்திச்சதை ஞாபகம் வச்சிருக்கற டி செல்) பிரிச்சுக் காட்டுற சிடி44, சிடி62எல் கட்டாயம் சேருங்க, திரும்பப் பெருகி வர்றதுல மெமரி செல் மாதிரியானது நிறைய, அதை அடக்குறது கஷ்டம்.

இன்னொண்ணு, பிளாக் 6 தோலையே பிளாக் 6க்கு ஒட்டி அதே மருந்து குடுத்த ஒரு குரூப் கண்டிப்பா வைங்க. அதுல தெரியுற மாற்றம் மருந்தாலயும் ஆபரேஷனாலயும் வந்தது, அதைத் தாண்டி மத்த குரூப்ல தெரியுறதுதான் அந்நியத் தோலுக்கு உடம்பு குடுக்குற பதில்.