குக்கரை ஓரமாக வைத்துவிட்டுச் சோறு வடியுங்கள்

இலங்கையின் வன்னியில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால் "அரிசியில ஆர்சனிக்காம்" என்று அந்த நஞ்சைப் பற்றி ஒருவர் தொடங்குவார், அடுத்தவர் விவசாயிகளைப் பிடிக்கிற சிறுநீரக வருத்தத்துக்குத் தாவுவார். அந்த வருத்தம் எதனால் என்பது ஆராய்ச்சியாளருக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை. சரி, அது இருக்கட்டும், அடுப்படியில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது சேற்றுக்குள் காற்றுப் போகாது, அப்போது மண்ணோடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக் கரைந்து, சிலிக்கா போகிற வழியாலேயே நெல் வேருக்குள் நுழைந்துவிடும். தவிட்டில்தான் கூட நிற்கும், அதனால் தீட்டாத சிவப்பரிசியில் கொஞ்சம் அதிகம். அதற்காகச் சிவப்பரிசியைக் கைவிட வேண்டாம், நாகமும் விற்றமினும் அதே தவிட்டில்தான் இருக்கின்றன.

கல் அரித்து மூன்று தரம் கழுவினாலும் பெரிதாகக் குறையாது. ஒரு சுண்டு அரிசிக்கு ஆறு சுண்டுக்குக் குறையாமல் தண்ணீர் வைத்து அவித்து, அம்மம்மா செய்த மாதிரி வடியுங்கள்: நஞ்சு கூடிய கனிமவகை ஆர்சனிக்கில் 40 முதல் 60 சதவீதம் தண்ணீரோடு போய்விடும். ரைஸ் குக்கரில் அந்தத் தண்ணீர் முழுதும் திரும்பச் சோற்றுக்குள்தான் ஏறுகிறது. ஆனால் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் வடித்ததில் என்ன பலன்? சத்து வீணாகிறதே என்பவர்கள் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத்தண்ணீர் அளவாக விட்டு வற்றவிடலாம்.

இதெல்லாம் தண்ணீர் நல்லதாக இருந்தால்தான். குழாய்க்கிணறு என்றால் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், இலங்கைத் தரப்படி குடிநீரில் ஆர்சனிக் லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், புளோரைட் 1 மில்லிகிராம் தாண்டக்கூடாது. கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

அப்புறம் சட்டி. பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியச் சட்டியில் ஈயமும் கலந்திருக்கலாம். பழப்புளி போட்டுத் தேய்த்தால் கறுத்த சட்டி எப்படிப் பளபளக்கிறது, பார்த்திருப்பீர்கள்தானே? புளி மேல்படையைக் கரைத்துக்கொண்டு போகிறது. புளிக்குழம்பு வைக்கும்போதும் அதேதான் நடக்கும், எனவே மீன்குழம்புக்கு மண்சட்டி, இல்லையென்றால் எவர்சில்வர். மஞ்சளைக் கட்டையாக வாங்கி இடிப்பியுங்கள், நிறத்துக்காக ஈயக் குரோமேற்று கலந்த தூள் பங்களாதேசில் பிடிபட்டிருக்கிறது.

கட்மியம் என்ற நச்சு உலோகம் வேறு கதை. பொஸ்பேற்று உரத்தோடு வயலுக்கு வருவது, வயல் காய்ந்தால் பயிர் கூடுதலாக எடுக்கும் (ஆர்சனிக்குக்கு நேரெதிர்), வடித்துத் தப்பலாம் என்று இதில் நம்பியிருக்க முடியாது. உடம்பில் இரும்புச்சத்துக் குறைந்தால் குடல் கட்மியத்தையும் ஈயத்தையும் கூடுதலாக உறிஞ்சும், ஆகவே அடிக்கடி முருங்கையிலை வறை, தேசிக்காய்ப்புளி விட்டு. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது.

மீனில் பாதரசம் பெரிய வேட்டை மீன்களில்தான் சேரும். குளத்து ஜப்பான் மீனும் (திலாப்பியா) நெத்தலியும் சூடையும் தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பதென்றால் சின்னப் பால்சுறாவாகப் பார்த்து வாங்குங்கள், அதுவும் நாள்தோறும் வேண்டாம். இதை மாமியிடம் யார் சொல்வது என்பதுதான் வில்லங்கம்.