உதவி விரிவுரையாளர் வேறு, உதவிப் பேராசிரியர் வேறு

திருகோணமலையில் பரிசளிப்பு விழா, மலர் வெளியீடு என்று அழைப்பிதழ் அடிக்கும்போது, விருந்தினரின் பதவிப் பெயரில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நேரில் ‘சேர்’, ‘மெடம்’ என்று சமாளித்துவிடலாம். அச்சில் அது நடக்காது.

முதல் தவறு, இரண்டிலும் ‘உதவி’ இருக்கிறதே என்று உதவி விரிவுரையாளரையும் உதவிப் பேராசிரியரையும் ஒரே இடத்தில் வைப்பது. கோணேசபுரியிலுள்ள நம் பல்கலைக்கழக வளாகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர் என்றால், பெரும்பாலும் அண்மையில் நல்ல வகுப்பில் பட்டம் பெற்று ஒப்பந்தத்தில் பணிபுரிகிற இளையவர். நிரந்தரப் பதவிகள் அதற்குப் பிறகுதான் தொடங்கும்: தகுதிகாண் (பணி உறுதிப்படுத்தப்படாத) விரிவுரையாளர், விரிவுரையாளர், இரண்டு தரங்களாகச் சிரேஷ்ட (மூத்த) விரிவுரையாளர், மேலே பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர். உதவிப் பேராசிரியர் என்ற பதவியே நம் அரச பல்கலைக்கழகங்களில் கிடையாது.

அது இந்தியப் பெயர். அங்கே 2010ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) விதிகள் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற மூன்று பதவிப் பெயர்களை வைத்தன. முன்பு விரிவுரையாளர் எனப்பட்டவர்தான் இன்று அங்கே உதவிப் பேராசிரியர். அவர் எந்தப் பேராசிரியருக்கும் கையாள் அல்ல. தன் பாடத்தைத் தானே நடத்துகிற ஆசிரியர். திருச்சியிலிருந்து வரும் அப்படியொருவரை ‘உதவி விரிவுரையாளர்’ என்று போட்டால் கீழே இறக்கிவிடுகிறீர்கள். மரியாதைக்காக ‘உதவி’யை வெட்டினாலோ, இரண்டு படி தூக்கிவிடுகிறீர்கள். இரண்டுமே அவருக்குச் சங்கடம்.

அடுத்தது கலாநிதி (பிஎச்.டி.) விவகாரம். கலாநிதி பட்டம், பேராசிரியர் பதவி. ‘இவ்வளவு படித்தவரை வெறும் விரிவுரையாளர் என்று போடுவதா?’ என்று கேட்டு, பேராசிரியராக்கிவிடுகிற விழாக் குழுக்கள் உண்டு. ஆய்வு, கற்பித்தல் எல்லாவற்றையும் எடைபோட்டு, நேர்முகத் தேர்வும் வைத்துத்தான் அந்தப் பதவி கிடைக்கிறது. சக விரிவுரையாளர்கள் முன்வரிசையில் இருக்க, மேடையில் அவர் நெளிவதைப் பார்க்க வேண்டுமே!

வளாக முதல்வரைத் துணைவேந்தர் ஆக்குவதும் வேண்டாம். வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பகுதி. துணைவேந்தர் இருப்பது வந்தாறுமூலையில்.

அப்புறம், பழைய அழைப்பிதழைப் பார்த்துப் பிரதி பண்ணாதீர்கள். போன வருடச் சிரேஷ்ட விரிவுரையாளர் இந்த வருடம் பேராசிரியராகியிருக்கலாம். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பெயர் வரியை மட்டும் அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி பார்த்துத் தரச் சொல்லுங்கள்.