போஸ்ட்கிரெஸ் வினவலில் ஒரே செயற்கூறு வரிசைதோறும் ஓடுவதைத் தவிர்க்க

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் நாம் எழுதும் செயற்கூறு (function), வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், 'வாலடைல்' (VOLATILE) வகையாகவே, அதாவது ஒவ்வொரு அழைப்பிலும் விடை மாறக்கூடியதாகவே கொள்ளப்படும். அதனால் வரிசைகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) நிபந்தனையில் அதை அழைத்தால், அட்டவணையின் எந்த மதிப்பையும் அது பெறாதபோதும், ஒவ்வொரு வரிசைக்கும் மீண்டும் மீண்டும் இயங்கும். 'ஸ்டேபிள்' (STABLE), அதாவது ஒரே வினவலுக்குள் விடை மாறாதது, என்று அறிவித்தால் இன்டெக்ஸ் (அட்டவணைக்கான தேடல் சுட்டி) வழியான தேடலில் ஒருமுறை கணக்கிட்டால் போதும் என்றாகிவிடும். ஆனால் அட்டவணை முழுவதையும் படிக்கும்போது அந்த அறிவிப்பு மட்டும் உதவாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எளிய தீர்வு, அழைப்பைத் தனி உள்வினவலாக மாற்றுவதே. அதாவது, அடைப்புக்குறிக்குள் 'செலக்ட்' என எழுதி அதன்பின் செயற்கூற்றை அழைத்தால், வினவல் எந்திரம் அதை ஒரே ஒரு முறை இயக்கி, கிடைத்த விடையை எல்லா வரிசைகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளும். வினவல் எப்படி இயங்கும் என்ற திட்டத்தைக் காட்டும் 'எக்ஸ்பிளெயின்' (EXPLAIN) கட்டளையின் வெளியீட்டில் 'இனிட்பிளான்' (InitPlan) என்ற வரி தெரிந்தால் மாற்றம் பலித்தது என்று கொள்ளலாம். வரிசைக்கு வரிசை மாறும் மதிப்பை உள்ளீடாகப் பெறும் அழைப்புக்கு இவ்வழி பொருந்தாது. தற்போக்கு எண் தரும் 'ரேண்டம்' (random) போல ஒவ்வொரு முறையும் புதிய விடை தரவேண்டியவற்றையும் இப்படி மாற்றக் கூடாது.

வேகத்துக்காக, அட்டவணையைப் படிக்கும் செயற்கூற்றை 'இம்யூட்டபிள்' (IMMUTABLE), அதாவது ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விடை தருவது, என அறிவிப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். திட்டமிடும்போதே கணக்கிடப்பட்ட பழைய விடை, தரவு மாறிய பிறகும் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் வந்துகொண்டிருக்கக்கூடும்.