தேநீர்க் கறை போகாத சீலிங்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், குளியலறைக்கு வெளியே பிளாஸ்டர் சீலிங்கில் தேநீர் கொட்டியது போல ஒரு கறை. தீபாவளிக்கு முன் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்தேன், பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் கறையைக் கரைத்து மேலே இழுத்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

விரலால் அழுத்திப் பார்த்தால் போர்டு தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. சரி, இது பெயிண்ட் வேலையே இல்லை. நிர்வாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்; மலேசியாவின் 2015 அடுக்குமாடிப் பராமரிப்பு விதிமுறைப்படி அவர்கள் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். மேல் வீட்டு அங்கிள், "என் வீட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி" என்றார், ஆனால் அவருடைய குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் குழாய் வாயைச் சுற்றித்தான் கசிவு. அதை அடைத்த பிறகு இரண்டு வாரம் காயவிட்டேன், பொறுமை போய்விட்டது.

அப்புறம் ஊறிய பகுதியைச் சதுரமாக அறுத்தெடுத்து, ஈரம் தாங்கும் பச்சை ஜிப்சம் போர்டைத் துரு ஏறாத ஸ்குரூவால் பொருத்தி, இணைப்பில் டேப் ஒட்டிப் பூசித் தேய்த்தேன். சுற்றியிருந்த பழைய கறைமேல் கறை மேலே வராமல் தடுக்கும் எண்ணெய் சீலர் ஒரு கோட், அதன்மேல் மேட் பெயிண்ட். தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், புருவம் வரை மாவாகிவிட்டது எனக்கு.