வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வார அட்டவணை: சார்ட் பேப்பரில் போடும் முறை

அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நேரத்துக்கு முன்னால் தீர்ந்துபோவது ஞாபகம்தான். வெள்ளிக்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், வேன் பணம் கட்டக் கடைசி நாள், நேரம் மாறிய கராத்தே வகுப்பு, பெரியவளுக்கு கிராஃப் நோட்டு என்று எல்லாம் ஒருவர் தலையில் இருக்கும். பெரும்பாலும் அது அம்மாவின் தலை. அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் வீடே திணறிவிடும். அந்த ஞாபகத்தைச் சுவருக்கு மாற்றுவதுதான் இந்த அட்டவணையின் வேலை.

ஒரு சார்ட் பேப்பர், ஒரு ஸ்கெட்ச் பேனா, பென்சில், ரப்பர் போதும். செல்போனில் நல்ல செயலிகள் இருக்கின்றன. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையும் தாத்தாவும் போகிற போக்கில் படிக்க, ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒட்டிய தாள்தான் வசதி.

புரிவதற்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீடு தாம்பரத்தில். அம்மா மின்சார ரயிலில் கிண்டி அலுவலகத்துக்குப் போய் மாலை 7 மணிக்குத் திரும்புகிறார். அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் வாரம் ஒரு ஷிப்ட். ஏழாம் வகுப்பில் மகள், மூன்றாம் வகுப்பில் மகன். கூட தாத்தா இருக்கிறார், வண்டி ஓட்டமாட்டார்.

படி 1: அசைக்க முடியாததை முதலில் எழுதுங்கள்

ஏழு நாளுக்கு ஏழு கட்டம் போட்டு, ஸ்கூல் வேன், ரயில், ஷிப்ட் நேரங்களை ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். மற்றதெல்லாம் பென்சிலில். ஷிப்ட் மாறும் வீட்டுக்கு ஒரு தாள் போதாது. காலை ஷிப்ட் வாரத்துக்கு ஒன்று, மதிய ஷிப்ட் வாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் அடக்கப் பார்த்தால் யாருக்கும் புரியாது.

படி 2: தூக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. காலை 7.15-க்கு வேன் வந்தால் 6 மணிக்காவது எழ வேண்டும். அப்படியானால் இரவு 9 மணிக்கே தூங்கியிருக்க வேண்டும்.

மாலை 4.15-க்கு வேன் இறக்கிவிடுகிறது. 9 மணி வரை நாலே முக்கால் மணி நேரம். கைகால் கழுவி ஏதாவது சாப்பிட முக்கால் மணி, வீட்டுப்பாடத்துக்கு ஒரு மணி, இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கத் தயாராகவும் ஒரு மணி. மிச்சம் இரண்டே மணி நேரம். பிள்ளையின் ஒரு நாளில் உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான். இந்த எண்ணைத் தாளின் மேலே பெரிதாக எழுதுங்கள், அடுத்த படிக்குத் தேவைப்படும்.

படி 3: வகுப்புகளை நிறுத்துப் பாருங்கள்

அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இது. மாலை 5.30 முதல் 6.30 வரை கராத்தே என்றால் ஒரு மணி நேரம் என்றுதான் நினைப்போம். உடை மாற்றக் கால் மணி, போகக் கால் மணி, வரக் கால் மணி சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி. அந்த இரண்டு மணி நேரமும் ஏறக்குறைய காலி.

அப்புறம், யார் கூட்டிப்போவது? காலை ஷிப்ட் வாரத்தில் அப்பா மாலை 4 மணிக்கு வீட்டில் இருப்பார், சரி. மதிய ஷிப்ட் வாரத்தில் தாத்தாதான், அதுவும் நடந்துபோகும் தூரம் மட்டும். ஆகவே இந்த வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெயர்பெற்ற கராத்தே பள்ளியைவிட அடுத்த தெருவில் நடக்கும் சிலம்பம்தான் பொருத்தம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போகும் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தேறாது, பணமும் வீண்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அபாகஸ், ஹிந்தி, டியூஷன் மூன்றும் உட்கார்ந்து செய்பவை. அதனால் ஒரு பிள்ளைக்கு வார நாளில் ஒரே ஒரு வகுப்பு, அதுவும் ஓடியாடுவதாக இருக்கட்டும். உட்கார்ந்து படிப்பது ஒன்று சனிக்கிழமைக்குப் போகட்டும். மூன்றாவது வகுப்பு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எதை விடுவது என்று பிள்ளையைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறான் என்பதற்காகச் சேர்த்த வகுப்பைத்தான் பெரும்பாலும் முதலில் சொல்வார்கள்.

படி 4: வேலையை முழுதாகப் பிரியுங்கள்

2024-இல் இந்தியா முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். அம்மா சொல்லி அப்பா செய்கிற வரை இந்த இடைவெளி குறையாது. சொல்வதும் நினைவூட்டுவதும் வேலைதானே.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரே ஒரு பெயர். பள்ளி வாட்ஸ்அப் குழு அப்பாவுக்கு என்றால், குழுவைப் படிப்பது, ஃபீஸ் கட்டுவது, கேட்ட பொருளை வாங்கி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. நடுவில் அம்மா கேட்கத் தேவையில்லை. மறுநாள் டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்குவது மகள். தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் பையிலிருந்து எடுத்துச் சிங்க்கில் போடுவது மகன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தாராளமாக முடியும்.

படி 5: இரவில் இருபது நிமிடம்

காலைப் பதற்றத்தில் பாதி, தேடுவதால் வருவது. சாக்ஸ், ஐடி கார்டு, அயர்ன் செய்த சட்டை, வெட்டிய காய், கையெழுத்துப் போட்ட டைரி ஆகியவை இரவே தயாராகட்டும். ஞாயிறு அரைக்கும் மாவு புதன் வரை இட்லி, தோசைக்கு வரும்.

படி 6: ஞாயிறு மாலை எல்லோரும் தாள் முன்னால்

பதினைந்து நிமிடம் போதும். இந்த வாரம் பரீட்சை உண்டா, யாருக்கு எந்த ஷிப்ட், கல்யாணம் காட்சி ஏதும் உண்டா என்று பேசிப் பென்சில் வரிகளைத் திருத்துங்கள். செப்டம்பர் காலாண்டு, டிசம்பர் அரையாண்டுத் தேர்வு வாரங்களில் வகுப்புகளை நிறுத்திவைப்பதாக ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வாரத்தில் ஒரு மாலையை வெறுமையாக விடுங்கள். மழையில் ரயில் தாமதமானால், வீட்டுப்பாடம் மிச்சமிருந்தால், அந்த மாலை தாங்கிக்கொள்ளும். எதுவும் இல்லையென்றால் பிள்ளைகள் தெருவில் விளையாடட்டும்.

கடைசியாகத் தாளின் அடியில் ஒரு வரி: பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் இந்த முறை யார் லீவு போடுவது? இப்போதே முடிவு செய்து பெயரை எழுதிவிடுங்கள். அவர் ஒருமுறை லீவு எடுத்ததும் அந்தப் பெயரை அழித்து மற்றவர் பெயரை எழுதுங்கள். பக்கத்திலேயே குழந்தை மருத்துவரின் நம்பரும், அவசரத்துக்கு வேனிலிருந்து பிள்ளையை அழைத்துக்கொள்ளக்கூடிய பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரும் இருக்கட்டும். வேன் டிரைவரிடமும் அந்த அக்காவை அறிமுகப்படுத்தி வையுங்கள்.