குடும்பத்தோடு தீவுக் கப்பல்: காரைக்குடியிலேயே செய்துவிடும் தவறுகள்

செட்டிநாட்டு வீடுகளில் கப்பல் என்றதும் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன ஐயாக்களின் கதைதான் முதலில் வரும். நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கிய கதை. 1985-இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது அறுபதாம் சாந்தி முடிந்த கையோடு மூன்று தலைமுறையாகத் திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் பிடித்து, பினாங்கு, புக்கெட் என்று நாலு நாள் சுற்றிவருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நடுக்கடலில் முளைத்ததாகத் தோன்றும் சிக்கல்களில் பாதிக்கு மேல், டிக்கெட் போட்ட நாளிலோ பெட்டி கட்டிய இரவிலோ வீட்டிலேயே உண்டானவை.

பெயரும் பாஸ்போர்ட்டும்

நம் பக்கத்தில் ஒருவருக்கு மூன்று நான்கு இனிஷியல் சாதாரணம். பத்திரிகை அடிக்கும்போது அது அழகு. கப்பல் டிக்கெட்டில் தலைவலி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து நீளமான பெயராக இருக்கும், அல்லது குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். டிக்கெட் போடும் பையனிடம் வாட்ஸ்அப்பில் "மெ.ராம. சொக்கலிங்கம்" என்று அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பி, வந்த டிக்கெட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து வருடம் என்ற கணக்கிலேயே இருந்துவிடுகிறோம்; சிறுவர்களுக்கு அது ஐந்து வருடம்தான். பயணத் தேதியில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். பேரனை அப்பத்தாவோடும் ஐயாவோடும் மட்டும் அனுப்புவதாக இருந்தால், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைப் பல கப்பல் நிறுவனங்கள் கேட்கும்.

விசாவில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஆகவே பலமுறை நுழையும் விசாதானா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டையையும் (SG Arrival Card) இரண்டு முறை நிரப்ப வேண்டும்: விமானத்தில் இறங்கும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. அரசுத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். மலேசியா 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களுக்கு விசா தளர்வு கொடுத்திருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட சலுகைகளுக்கு முடிவுத் தேதி உண்டு. போன வருடம் போய்வந்த சித்தப்பா சொன்னதை நம்பாமல், கிளம்புவதற்கு முன் பாருங்கள். மலேசியா, தாய்லாந்து இரண்டுக்கும் தனித்தனி இணைய வருகை அட்டைகள் இருக்கின்றன.

அலமாரியில் இருந்து பெட்டிக்குள்

சாமான் கட்டும் விஷயத்தில் நமக்கு அடக்கம் கிடையாது. தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை என்று டப்பா டப்பாவாகப் போகும். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பொட்டலத்தைப் பெரும்பாலான கப்பல்களில் விட்டுவிடுவார்கள். வீட்டில் சமைத்த உணவை ஏற்ற மாட்டார்கள். இறைச்சி, பழம் எதையும் கரைக்குக் கொண்டு இறங்கக் கூடாது. அது போகட்டும். உண்மையான ஆபத்து மசாலாப் பொடியில் இருக்கிறது.

நம் குருமா மசாலாவில் கசகசா இல்லாமல் இருக்காது. கசகசா சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள். அதைப் பார்ப்பது போதைப்பொருள் தடுப்புத் துறை. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு என்று அரைத்துக் கட்டிய பொடிக்காக ஆச்சி விமான நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. மெல்லும் புகையிலையும் அங்கே தடை. வெற்றிலைச் செல்லத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வரும் ஐயாவிடம் இதை முதல் நாளே சொல்லி, வேண்டுமானால் சண்டை போட்டு முடித்துக்கொள்ளுங்கள். சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிவிலக்கு அளவு என்பதே கிடையாது, ஒரு பாக்கெட்டுக்கும் வரி உண்டு. மின் சிகரெட்டும் சூயிங்கமும் கூடவே கூடாது.

மருந்தும் இதே கணக்கில் வரும். தூக்க மாத்திரைகள் சிலவற்றுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே முன்அனுமதி தேவைப்படலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் எதையும் எடுத்துப்போகாதீர்கள்.

கப்பலில் தீதான் பெரிய பயம். அதனால் விளக்கு, சூடம், ஊதுபத்தி எதற்கும் அறையில் இடமில்லை. இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கம்பி, கெட்டில் எல்லாவற்றையும் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சஷ்டி, கார்த்திகை வருகிறதென்றால் முருகன் படம் ஒன்று போதும்.

துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் அறைவாசலில் வைப்பார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், பாஸ்போர்ட், பிள்ளைக்கு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே அறையா?

காசு மிச்சம் என்று நாலு பேருக்கு ஓர் அறை போடுவார்கள். அந்த நாலில் இரண்டு படுக்கை சுவரில் இருந்து மடக்கி இறக்குவது, ஏணி வைத்து ஏற வேண்டியது. முட்டி வலிக்காரர்களுக்கு அது கட்டாது. பெரியவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. தாமதமாகப் போட்டால் குடும்பம் ஆறு தளத்தில் சிதறிவிடும். பால்கனி அறைக்கு ஆசைப்படுகிறவர்கள் பட்டுக்கொள்ளட்டும். பகலெல்லாம் வெளியில் இருக்கும் இளையவர்களுக்கு ஜன்னலில்லா அறையே போதும் என்பது என் கட்சி.

குமட்டலைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு மலாக்கா நீரிணையில் அலை இருக்காது. சுமத்திரா தீவு மறைத்து நிற்கிறது. புக்கெட் பக்கம் அந்தமான் கடல் வேறு கதை: மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும். சென்னையில் ஏறி இலங்கை போகிற கப்பல் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் புயல் காலம். குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும். அது தூக்கத்தைத் தரும் என்பதால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடட்டும். 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளைப் பொதுவாகக் கப்பலில் ஏற்றுவதில்லை. வளைகாப்புக்கு முன் ஒரு பயணம் என்று திட்டமிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சைவம், வெங்காயம் பூண்டு இல்லாதது, விரதச் சாப்பாடு எதுவானாலும் பதிவு செய்யும்போதே சொன்னால்தான் உண்டு. கப்பல் நிறையத் தட்டு அடுக்கியிருக்கிறதே என்று ஏறின பிறகு கேட்டால் தயிர்சாதமும் ரொட்டியுமாக ஓட்ட வேண்டியிருக்கும்.

அன்றே போய் அன்றே ஏறுவது

திருச்சியில் இருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம்தான், காலையில் இறங்கி மாலையில் கப்பல் என்று போடுகிறார்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்பே ஏறும் வாயிலை மூடிவிடுவார்கள். முந்தின நாளே போய்ச் சேருங்கள்; சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு நிதானமாக ஏறலாம்.

ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். "நாங்க ரூமில் படுத்திருக்கோம், நீங்க போங்க" என்பது நடக்காது, அறை அட்டையைத் தட்டிக் கணக்கெடுப்பார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியிருந்த பலர் இன்னும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. அதன்பிறகுதான் விதி இறுகியது.

போனை ஏர்பிளேன் மோடில் வையுங்கள். கடலில் அது செயற்கைக்கோள் வழிக் கப்பல் வலையமைப்பைப் பிடித்து பில்லை ஏற்றிவிடும். ஊழியருக்கான அன்றாடக் கட்டணம் (டிப்ஸ்) பல கப்பல்களில் டிக்கெட் விலையில் சேராது, இறுதிக் கணக்கில் வரும்.

கரை இறங்கும் நாள்

கவனம் தேவைப்படுவது இங்கேதான். புக்கெட் நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம்; உங்கள் போன் கரையில் கால் வைத்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். போனை நம்பி ஆறு மணிக்கு வந்தால் கப்பலில் ஏழு. குடும்பத்தில் ஒருவராவது கப்பல் நேரம் காட்டும் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளட்டும். தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போக வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் மட்டும் காத்திருப்பார்கள், அதுதான் அதன் அதிக விலைக்கு நியாயம்.

புக்கெட்டின் பட்டோங் கடற்கரையில் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். அலை கொஞ்சம் இருந்தாலும் படகு ஏறி இறங்குவது பெரியவர்களுக்குக் கடினம். அவர்களை அன்று கப்பலிலேயே விட்டுவிடலாம், கூட்டம் குறைந்த தளத்தில் நிம்மதியாக இருப்பார்கள். எல்லாரும் ஒன்றாகப் போயே ஆகவேண்டும் என்ற பிடிவாதம்தான் பல வீட்டுச் சண்டைக்குக் காரணம்.

பினாங்கில் இறங்குதுறையில் இருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். நாட்டுக்கோட்டையார் கோவிலுக்கு வண்டி பிடிக்கும்போது டிரைவரிடம் அந்தப் பெயரையே சொல்லுங்கள். வாட்டர்ஃபால் சாலையில் வெறுமனே "முருகன் கோவில்" என்றால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படியுள்ள மலைக்கோவிலில் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

கடைசி இரவு

இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டிகளை அறைவாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில் எடுத்துக்கொள்ளலாம். அவசரத்தில் மறுநாள் உடையையும் பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்துப் பூட்டி, இரவு உடையோடு குடியேற்ற வரிசையில் நிற்பவர்கள் உண்டு. திரும்பும் விமானத்தை மதியத்துக்குப் பிறகு போடுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே காலையில் இறங்கும்போது வரிசை நகர நேரம் பிடிக்கும்.